பொள்ளாச்சியா, மாவேலி ஸ்டோரா, தெருமுனைக் கடையா: எல்லையோரக் குடும்பத்துக்கு மளிகை எங்கே கட்டுப்படியாகும்?

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், தமிழ்நாட்டு எல்லையோரம் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், மீனாட்சிபுரம் பக்கம் இருக்கும் தமிழ்க் குடும்பங்களில் மாசம் பிறந்தால் இந்தப் பேச்சு வந்துவிடும். மாசச் சாமானை இங்கேயே வாங்குவதா, பொள்ளாச்சிக்கு ஒரு நடை போய் மொத்தமாக அள்ளிக்கொண்டு வருவதா? பக்கத்து வீட்டு அக்கா பருப்பு கிலோவுக்குப் பத்து ரூபாய் குறைச்சல் என்பார். எதிர் வீட்டு அண்ணன் பஸ் காசும் டீச் செலவும் போக ஒன்றும் மிஞ்சாது என்பார். இரண்டு பேர் சொல்வதும் உண்மைதான். எந்தச் சாமானைப் பற்றிப் பேசுகிறார்கள் என்பதில்தான் வித்தியாசம்.

அதனால் கடையைக் கடையோடு ஒப்பிடாமல், சாமானைச் சாமானாக எடுத்துப் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து. பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அரிசி, சர்க்கரை, தேங்காய் எண்ணெய், அன்றாடப் பருப்பு, பயறு எல்லாம் கேரளப் பக்கத்தில், ரேஷன் கார்டை வைத்து வாங்க வேண்டியவை. வருஷத்துக்கு வேண்டிய புளி, வற்றல் மிளகாய், மல்லி மூன்றும் பொள்ளாச்சியில், கோடையில், ஒரே தடவையாக. மிச்சம் இருக்கும் சில்லறைச் சாமான் தெருமுனைக் கடையில், முடிந்தவரை ரொக்கத்துக்கு. ஏன் இப்படி என்பதற்குக் கணக்கு உண்டு.

முதலில் கார்டின் நிறத்தைப் பாருங்கள்

விலை விசாரிக்க எல்லை தாண்டும் முன், வீட்டில் இருக்கும் கார்டு சரியான நிறத்தில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நாலு பேர் உள்ள குடும்பத்துக்கு இதைவிடப் பெரிய மிச்சம் எந்தக் கடையிலும் கிடையாது.

கேரளத்தில் மஞ்சள் கார்டு அந்த்யோதயா என்ற மிக ஏழைக் குடும்பங்களுக்கு. அவர்களுக்கு மாதம் 35 கிலோ தானியம் இலவசம். பிங்க் கார்டு முன்னுரிமைப் பிரிவு. ஆளுக்கு 5 கிலோ, அதில் 4 கிலோ அரிசி, மிச்சம் கோதுமை அல்லது அதற்குப் பதில் ஆட்டா. அரிசிக்குக் காசு இல்லை. நாலு பேர் என்றால் மாதம் 16 கிலோ அரிசி வீட்டுக்கு வந்துவிடுகிறது. நீலக் கார்டுக்கு ஆளுக்கு 2 கிலோ, கிலோ 4 ரூபாய். அதே நாலு பேருக்கு 8 கிலோ அரிசி 32 ரூபாய்தான். வெள்ளைக் கார்டுக்கு கிலோ 10 ரூபாய் 90 காசு. எத்தனை கிலோ என்பது மாதத்துக்கு மாதம் மாறும்.

வெள்ளைக்கும் பிங்க்குக்கும் நடுவில் எவ்வளவு தூரம் என்று பாருங்கள். வெளியில் அரிசி கிலோ 45 ரூபாய் என்று வைத்தால் 16 கிலோவுக்கு 720 ரூபாய். இதை எந்த மொத்தக் கடையும் தள்ளுபடியில் தராது. ஆனால் கூலி வேலைக்குப் போகிற, ஓட்டு வீட்டில் இருக்கிற எத்தனையோ குடும்பங்கள் இன்னும் வெள்ளைக் கார்டிலேயே கிடக்கின்றன. எப்போதோ குடும்பத்தலைவருக்கு ஒரு வேலை இருந்திருக்கும், அல்லது கூட்டுக் குடும்பமாக இருந்தபோது போட்ட கார்டாக இருக்கும்.

முன்னுரிமைப் பிரிவுக்கு யார் வர முடியாது என்பதற்கு விதி இருக்கிறது. 1000 சதுர அடிக்கு மேல் வீடு, ஒரு ஏக்கருக்கு மேல் நிலம், மாதம் 25,000 ரூபாய்க்கு மேல் வருமானம், சொந்த உபயோகத்துக்கு நாலு சக்கர வண்டி, அரசு வேலை இவை முக்கியமானவை. பிழைப்புக்காக ஓட்டும் ஒரே ஒரு டாக்சிக்கு விலக்கு உண்டு. இதில் எதுவும் உங்களுக்கு இல்லையென்றால், நிறம் மாற்ற விண்ணப்பிக்கலாம். வருஷம் முழுக்க வாங்க மாட்டார்கள். துறை அறிவிக்கும் நாட்களில், அரசின் இ-சேவை மையமான அக்ஷயா சென்டரில் ஆன்லைனாகப் போட வேண்டும். எப்போது திறக்கிறார்கள் என்று ரேஷன் கடைக்காரரிடமே கேட்டு வையுங்கள். வருமானச் சான்றிதழும் வீட்டு வரி ரசீதும் கையில் இருந்தால் அலைச்சல் குறையும்.

ரேஷன் அரிசி வாய்க்குப் பிடிக்கவில்லை என்பதும் உண்மையான குறைதான். பொன்னிச் சோறு சாப்பிட்டுப் பழகிய வீட்டில் மட்டா என்ற கேரளச் சிவப்புப் புழுங்கல் சோறு ஒரே நாளில் இறங்காது. அதற்காக அரிசியை வாங்காமல் விட வேண்டியதில்லை. இந்தப் பக்கம் பல வீடுகளில் ரேஷன் புழுங்கல் இட்லி, தோசை மாவுக்குப் போகிறது. பச்சரிசி கிடைத்தால் புட்டுக்கும் இடியாப்பத்துக்கும் ஆகிறது. சோற்றுக்கு மட்டும் பொன்னி. அப்படிப் பிரித்துக்கொண்டாலே கடையில் வாங்கும் இட்லி அரிசி முழுசாக மிச்சம். மட்டா அரிசி வேக நேரம் எடுக்கும், கேஸ் கூடச் செலவாகும் என்பதும் சரி. இங்கே மலையாள வீடுகளில் இருக்கும் தெர்மல் குக்கர் அதற்காகத்தான் இருக்கிறது. அரிசியைக் கொதிக்கவிட்டு, பாத்திரத்தோடு எடுத்து அந்தப் பெட்டிக்குள் வைத்து மூடிவிட்டால் மிச்சத்தைச் சூடே பார்த்துக்கொள்ளும். மட்டா சமைக்கிற வீட்டில் அது சீக்கிரமே போட்ட காசை எடுத்துவிடும்.

ஒன்று சொல்லியே ஆக வேண்டும். எல்லைக்கு அந்தப் பக்கம் தமிழ்நாட்டில் ரேஷன் அரிசி இலவசம். 2011 முதல் அப்படித்தான். அந்த அரிசி மூட்டை மூட்டையாக வாளையார், கோபாலபுரம் வழியாக இந்தப் பக்கம் வருவதும் பிடிபடுவதும் புதிதல்ல. சில நேரம் அது தீட்டி, வேறு பையில் போட்டு, வீட்டு வாசலுக்கே மலிவு விலைக்கு வரும். வாங்காதீர்கள். அத்தியாவசியப் பொருள் சட்டத்தின்படி அது குற்றம். அதைவிட, அங்கே ஏதோ ஒரு ஏழை வீட்டுக்குப் போய்ச் சேர வேண்டிய அரிசி அது. கார்டு விஷயத்திலும் அப்படியே. சொந்தக்காரர் வீட்டு முகவரியில் அந்தப் பக்கம் ஒன்று, இந்தப் பக்கம் ஒன்று என்று இரண்டு கார்டு வைத்திருப்பது எப்போது தெரிந்தாலும் சிக்கல்தான்.

மாவேலி ஸ்டோர்: 13 சாமானுக்கு மட்டும் போங்கள்

கேரள அரசின் சிவில் சப்ளைஸ் கழகமான சப்ளைகோ 1974-ல் தொடங்கியது. அது நடத்தும் மாவேலி ஸ்டோரில் கார்டைக் காட்டினால் 13 சாமான் மானிய விலையில் கிடைக்கும்: ஜெயா, குறுவை, மட்டா என்று மூன்று புழுங்கல், பச்சரிசி, சர்க்கரை, துவரம்பருப்பு, உளுந்து, பச்சைப்பயறு, கொண்டைக்கடலை, தட்டைப்பயறு வகையில் வன்பயறு, வற்றல் மிளகாய், மல்லி, தேங்காய் எண்ணெய். 2016-லிருந்து பல வருஷம் விலையை ஏற்றாமல் வைத்திருந்தார்கள். 2024 பிப்ரவரியில் அதை மாற்றி, வெளிச்சந்தை விலையைவிட ஏறத்தாழ 35 சதவீதம் குறைவு என்ற கணக்குக்குக் கொண்டுவந்தார்கள். முன்பு இருந்த மலிவு இப்போது இல்லை என்று பலரும் வருத்தப்படுவது அதனால்தான். இருந்தாலும் நூறு ரூபாய்ச் சாமான் 65 ரூபாய்க்கு என்பது சின்ன விஷயம் இல்லை. பொள்ளாச்சி மொத்தக் கடையில் இந்தக் குறைப்பு வராது.

இங்கே இரண்டு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். முதலாவது, மாத அளவு. பருப்பு, பயறு வகை கார்டுக்கு ஒரு கிலோ என்பதுபோல ஒவ்வொன்றுக்கும் ஓர் அளவு வைத்துத்தான் கொடுப்பார்கள். நாலு பேர் வீட்டுக்குத் துவரம்பருப்பு ஒரு கிலோ போதாது. இன்னொரு கிலோ வெளியில் வாங்கத்தான் வேண்டும். ஆனால் முதல் கிலோவை ஒரு மாதமும் விடக் கூடாது. இரண்டாவது, 13 சாமானும் ஒரே நாளில் தட்டில் இருக்கும் என்று நம்பிப் போக முடியாது. 2023 கடைசியில் மானியச் சாமான் இல்லாமல் தட்டுகள் காலியாகக் கிடந்தது கேரளம் முழுக்கச் செய்தியாக வந்தது. இப்போது அந்த அளவுக்கு இல்லை என்றாலும், சர்க்கரையோ உளுந்தோ தீர்ந்துபோகும் வாரங்கள் உண்டு. லோடு எந்த நாள் வரும் என்று அங்கே வேலை செய்பவர்களிடம் கேட்டால் சொல்வார்கள். அந்த நாளைப் பிடித்துப் போனால் ஒரே நடையில் முடியும்.

மாவேலியில் பொதுவாக ஒரு தப்பு நடக்கும். மானியச் சாமானுக்கு வரிசையில் நின்றவர்கள் அப்படியே அடுத்த தட்டிலிருந்து மானியம் இல்லாத சோப்பு, பிஸ்கட், மசாலா பாக்கெட் எல்லாம் எடுத்துக்கொண்டு வருவார்கள். சப்ளைகோவின் சொந்தப் பெயரில் வரும் சபரி டீத்தூள் போன்றவை நல்ல விலைதான். மற்ற கம்பெனிச் சாமானில் பெரிய வித்தியாசம் இருப்பதில்லை. 13 சாமான், டீத்தூள், அத்தோடு வெளியே வந்துவிடலாம்.

சப்ளைகோ விற்கும் கே-ரைஸ் என்ற மலிவு அரிசி பற்றியும் ஒரு வரி. 2024 மார்ச்சில் வந்தபோது குறுவை கிலோ 30 ரூபாய் என்று கார்டுக்கு 5 கிலோ கொடுத்தார்கள். வெள்ளைக் கார்டு வீடுகள் இதைக் கேட்டு வாங்க வேண்டும்.

தேங்காய் எண்ணெயில் மாவேலியின் அருமை 2025-ல் எல்லாருக்கும் தெரிந்தது. வெளிச்சந்தையில் லிட்டர் 400 ரூபாயைத் தாண்டிய மாதங்களில் அந்த மானிய அரை லிட்டர்தான் பல வீடுகளில் தாளிப்புக்கு ஆனது. தமிழ் வீடுகளில் நல்லெண்ணெயும் கடலை எண்ணெயும் புழங்குவதால், தேங்காய் எண்ணெயை மானிய அளவோடு நிறுத்திக்கொள்வது நமக்குக் கஷ்டமும் இல்லை. எந்தக் கடையில் எண்ணெய் வாங்கினாலும் பாக்கெட்டில் எடையைப் படியுங்கள். ஒரு லிட்டர் சமையல் எண்ணெய் சுமார் 910 கிராம் இருக்கும். பார்க்க லிட்டர் பாக்கெட் மாதிரியே இருக்கும், உள்ளே 800 கிராம், 750 கிராம் என்றிருக்கும். இப்போது பாக்கெட்டில் எம்ஆர்பி பக்கத்தில் கிராமுக்கு அல்லது மில்லிக்கு என்ன விலை என்றும் அச்சடிக்க வேண்டும் என்பது சட்டம். எழுத்து பொடியாக இருக்கும். தேடிப் படித்துவிட்டால் எது மலிவு என்று அங்கேயே முடிவு செய்யலாம்.

பொள்ளாச்சி: எதற்குப் போகலாம், எதற்குக் கூடாது

கொழிஞ்சாம்பாறையிலிருந்து பொள்ளாச்சி இருபது கிலோமீட்டருக்கு மேல். போக வர பஸ் 80 ரூபாய், டீ, வடை 40, மூட்டையை வீடு சேர்க்க ஆட்டோ 60 என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 180. தமிழ்நாட்டு நகரப் பேருந்தில் 2021 முதல் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. கோபாலபுரத்தில் இறங்கி அது கிடைத்தால் அந்தப் பகுதிக்கான காசு மிச்சம். இருந்தாலும் 150 ரூபாய்க்குக் குறையாது. வேலைக்குப் போகிறவராக இருந்தால் ஒரு நாள் கூலியும் போகும். தொழிலுறப்பு என்ற நூறு நாள் வேலைக்கே 2025-26 கணக்கில் கேரளத்தில் நாள் கூலி 369 ரூபாயாக இருந்தது. இதைச் சேர்க்காமல் போடுகிற கணக்கு கணக்கே இல்லை.

துவரம்பருப்பு அங்கே கிலோவுக்கு 10 ரூபாய் குறைவு என்றால், 180 ரூபாயை எடுக்கவே 18 கிலோ வாங்க வேண்டும். எந்த வீட்டில் ஒரு மாதத்துக்கு 18 கிலோ பருப்பு ஆகும்? உளுந்தும் பாசிப்பருப்பும் சேர்த்தாலும் நாலைந்து கிலோவைத் தாண்டாது. ஆகவே மாதா மாதம் மளிகைக்குப் பொள்ளாச்சி போவது பணத்தை மிச்சம் பிடிக்கிற வேலை இல்லை. ஆஸ்பத்திரிக்கோ கல்யாணத்துக்கோ போகிற நாளில் வாங்கி வருவது வேறு. அப்போது பஸ் காசு ஏற்கெனவே செலவானது.

புளி, மிளகாய், மல்லி மூன்றும் அப்படி இல்லை. புதுச் சரக்கு மாசி, பங்குனியில் சந்தைக்கு வருகிறது. அப்போது விலை இறங்கும், ஆடி, ஆவணிக்குள் ஏறிவிடும். வருஷம் முழுக்கச் சில்லறையாக வாங்கும் விலைக்கும் அறுவடை நேரத்து மொத்த விலைக்கும் நடுவில் நல்ல இடைவெளி இருக்கும். உதாரணத்துக்கு, மிளகாயில் கிலோவுக்கு 45, மல்லியில் 20, புளியில் 40 வித்தியாசம் என்று வைப்போம். மிளகாய் 5 கிலோ, மல்லி 5 கிலோ, புளி 10 கிலோ வாங்கினால் 225, 100, 400. மொத்தம் 725 ரூபாய். போக்குவரத்து 180 போக 545 கையில் நிற்கும். ஒரு நாள் கூலியைக் கழித்தாலும் லாபம்தான். மாவேலியில் மிளகாய், மல்லி மானியத்தில் கிடைக்கிறதே என்பீர்கள். மாதா மாதம் தவறாமல் கிடைக்கிற வீடு பொள்ளாச்சி அளவைப் பாதியாகக் குறைத்துக்கொள்ளலாம். புளி அந்த 13-ல் இல்லை. அதனால் பொள்ளாச்சி நடைக்கு முதல் காரணம் புளிதான்.

புளி வாங்குவதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. கொட்டைப்புளி, கொட்டை எடுத்த புளி என்று இரண்டு விலை சொல்வார்கள். கொட்டைப்புளியின் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கொட்டையாகவே போய்விடும். கொட்டையோடு கிலோ 90 ரூபாய் என்றால், சுத்தமான புளி கிலோ ஏறத்தாழ 145 ரூபாய்க்கு வந்து நிற்கும். பக்கத்தில் கொட்டை எடுத்தது 140 என்று இருந்தால் அதுவே மலிவு, உட்கார்ந்து தட்டும் வேலையும் இல்லை. கொட்டைப்புளி 75-க்கு வந்தால் கதை மாறும். வீட்டில் பாட்டியும் பிள்ளைகளும் திண்ணையில் உட்கார்ந்து தட்டிவிடலாம்.

வாங்கி வந்ததைக் காப்பாற்றத் தெரியாவிட்டால் எல்லாம் வீண். இடவப்பாதி என்ற தென்மேற்குப் பருவ மழை தொடங்குவதற்கு முன், பங்குனி, சித்திரை வெயிலில் மிளகாயையும் மல்லியையும் நன்றாகக் காயவைத்து, ஆறிய பிறகு டப்பாவில் அடைக்க வேண்டும். சூட்டோடு மூடினால் உள்ளே வேர்த்துப் பூசணம் பிடிக்கும். புளியில் கல்லுப்பு தூவி, மண் பானையில் அமுக்கி வைத்தால் அடுத்த வருஷம் வரைக்கும் கெடாது. கொஞ்சம் கறுக்கும், அது பழம்புளி, வத்தக்குழம்புக்கு அதுதான் ருசி.

பொள்ளாச்சியில் பருப்பு வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால், மூட்டை முன்னால் நின்று ஒரு காரியம் செய்யுங்கள். கடைக்காரர், "அக்கா, இதே பருப்புதாங்க, கிலோவுக்கு ஆறு ரூபா கம்மி, எடுத்துக்கறீங்களா?" என்று பக்கத்து மூட்டையைக் காட்டுவார். ஒரு கை எடுத்து உள்ளங்கையில் தேயுங்கள். மாவாகத் தூசி ஒட்டினால், ஓரத்தில் பொடி ஓட்டை தெரிந்தால், அது போன வருஷத்துச் சரக்கு. இரண்டு பருப்பைப் பல்லில் கடித்துப் பாருங்கள். புதுசு சுலபமாக உடையும், பழசு கல் மாதிரி நிற்கும். பழைய பருப்பு குக்கரில் நாலைந்து விசில் கூடக் கேட்கும். தினமும் சாம்பார் வைக்கிற வீட்டில் அந்த ஆறு ரூபாய் கேஸ் சிலிண்டரில் போய்விடும். எண்ணெய் தடவிப் பளபளப்பாக்கிய பருப்பும் தேவையில்லை. மங்கலாக இருப்பதே நல்லது.

பொன்னி அரிசி மூட்டையாக வாங்குகிறவர்களுக்கு 26 கிலோ மூட்டை தெரிந்திருக்கும். 2022 ஜூலையில் 25 கிலோ வரைக்குமான, பெயர் அச்சடித்த அரிசி, பருப்புப் பைகளுக்கு 5 சதவீதம் ஜிஎஸ்டி வந்தது. அதற்கு மேற்பட்ட எடைக்கு இல்லை, சில்லறையாக அளந்து தருவதற்கும் இல்லை. அதனால்தான் 26 கிலோ. 1500 ரூபாய் மூட்டையில் 75 ரூபாய் அதனால் மிச்சம். பிங்க் கார்டு வீட்டுக்கு 26 கிலோ பொன்னி முடிய நாளாகும், வண்டு விழும். இரண்டு மூன்று வீடு சேர்ந்து ஒரு மூட்டை எடுத்துப் பிரித்துக்கொள்வதுதான் நல்லது. இதற்கும் பொள்ளாச்சி போக வேண்டியதில்லை. கொழிஞ்சாம்பாறைக் கடைகளிலேயே அதே மூட்டை கிடைக்கும். இறக்கிய கூலி கொஞ்சம் கூடியிருக்கும், உங்கள் ஆட்டோ காசைவிடக் குறைவாகவே இருக்கும்.

காய்கறிக்குப் பெரிய ஆராய்ச்சி தேவையில்லை. வேலந்தாவளத்துக்குப் பக்கத்தில் இருப்பவர்களுக்கு அந்தச் சந்தையே போதும். இரண்டு பக்கத்து விவசாயிகளும் காய் கொண்டுவருகிற இடம். மொத்த வியாபாரம் என்பதால் ஒரு வீட்டுக்குக் கூடை கூடையாக எடுக்க முடியாது, நாலு வீடு சேர்ந்தால் எடுக்கலாம். பொள்ளாச்சி உழவர் சந்தையில் விலையை எழுதிப் போட்டிருப்பார்கள், ஆனால் காய்க்காக மட்டும் அவ்வளவு தூரம் போவது வீண். வெங்காயம், தக்காளி, உருளை வாரம் ஒரு முறை, கீரையும் முருங்கையும் பக்கத்து வேலியில். அது போதும்.

தெருமுனைக் கடையும் பற்று நோட்டும்

இதைப் பற்றித்தான் எனக்கு அதிகம் சொல்ல வேண்டும் என்று தோன்றுகிறது. கஷ்டப்படுகிற வீட்டில் எங்கே விலை குறைவு என்பது பாதிக் கேள்விதான். ரொக்கம் கையில் இருக்கிறதா என்பது மறு பாதி. மாவேலியில் கடன் கிடையாது. பொள்ளாச்சியில் முகம் தெரியாத ஆளுக்கு யாரும் எழுதி வைக்க மாட்டார்கள். தெருமுனைக் கடை மட்டும்தான் நோட்டில் எழுதிக்கொண்டு சாமான் கொடுக்கும்.

அந்தக் கடையில் வட்டி இல்லை. ஆனால் பற்று இருக்கிறவர் விலை கேட்க முடியாது. பழைய பருப்பைக் கொடுத்தாலும் வாங்கிக்கொள்ள வேண்டும். கையில் நூறு ரூபாய் வந்தால் அது பாக்கிக்குப் போகும், மாவேலிக்குப் போக முடியாது. இப்படியே மானிய விலைச் சாமான் மாதா மாதம் கை நழுவும். மாதம் 3000 ரூபாய்ச் சாமான் வாங்குகிற வீட்டில், விலை கேட்க முடியாததால் மட்டும் நூற்றுக்கு ஐந்து ரூபாய் கூடிப்போகிறது என்று வைத்தாலே 150 ரூபாய். அந்த 150-ஐயும், மாவேலியில் விட்டுப்போன மானியத்தையும் சேர்த்துப் பார்த்தால்தான் நோட்டுக்கு நாம் கொடுக்கிற விலை தெரியும்.

அதற்காகக் கடைக்காரரைக் குறை சொல்ல எனக்கு மனசு வராது. வேலை இல்லாத மழை மாதத்தில், வீட்டில் ஒருவர் படுத்துவிட்ட வாரத்தில், ஒரு கிலோ அரிசியும் கால் லிட்டர் எண்ணெயும் கேள்வி கேட்காமல் எடுத்துத் தந்தவர் அவர்தான். எந்தச் சூப்பர்மார்க்கெட்டும் அதைச் செய்யாது. ஆகவே அந்தக் கடையை விட்டுவிடச் சொல்லவில்லை. உப்பு, கடுகு, சீரகம், தீப்பெட்டி, அவசரத்துக்குக் கால் கிலோ ரவை இவற்றையெல்லாம் அங்கேயே வாங்குங்கள், ரொக்கம் கொடுத்து. நோட்டை அவசரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கேரளப் பெண்களின் சுய உதவி அமைப்பான குடும்பஸ்ரீயில் இருப்பவர்களுக்கு இதிலிருந்து வெளியே வர ஒரு வழி உண்டு. அதன் அக்கம்பக்கத்துக் குழுவான அயல்கூட்டத்தில் வாராவாரம் போடும் சேமிப்பிலிருந்து உள்கடன் எடுக்கலாம். வட்டி குறைவு, அதுவும் கூட்டத்துக்கே திரும்பி வருகிறது. ஒரு மாதப் பற்றை அந்தக் கடனால் அடைத்துவிட்டு, அடுத்த மாதத்திலிருந்து ரொக்கத்துக்கு மாறினால், மாவேலி மானியத்தில் மிஞ்சுவதைக் கொண்டே உள்கடனைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டலாம். வருஷப் புளி, மிளகாய்க்கும் இதே வழிதான். பங்குனியில் ஒரே தடவையாக இரண்டாயிரம், மூவாயிரம் எடுத்து வைக்க முடியாத வீட்டுக்கு, கூட்டத்தில் நாலைந்து பேர் சேர்ந்து ஒருவரை மட்டும் பொள்ளாச்சிக்கு அனுப்புவது இன்னும் நல்லது. பஸ் காசும் ஆட்டோவும் ஐந்தாகப் பிரிந்துவிடும், நாலு பேருக்குக் கூலி நாள் போகாது.

சூப்பர்மார்க்கெட்டைப் பற்றிச் சுருக்கமாக. பாலக்காட்டிலும் கோயம்புத்தூரிலும் இருக்கும் பெரிய கடைகளில் சோப்பு, துணி சோப்புத்தூள், பாத்திரம் துலக்குவது, பற்பசை எல்லாம் உண்மையாகவே குறைவு. இரண்டு மாதத்துக்கு ஒரு முறை அந்தப் பக்கம் போகிற வேலை இருந்தால் இவற்றை வாங்கலாம். சர்க்கரையை விலை குறைத்து வாசலில் வைத்திருப்பார்கள். அதை எடுக்க உள்ளே போகிறவர் வெளியே வருவதற்குள் வேண்டாத பத்துச் சாமான் வண்டியில் ஏறியிருக்கும். பிள்ளைகளைக் கூட்டிப்போகாமல், சீட்டு எழுதிக்கொண்டு போகிறவர்களுக்குத்தான் அது லாபம்.

யார் எதை எடுத்துக்கொள்ளலாம்

தினக்கூலி வீடு என்றால் பொள்ளாச்சியை மறந்துவிடலாம். கார்டு, மாவேலி, தெருமுனைக் கடை என்று வைத்துக்கொண்டு, வருஷச் சாமானை மட்டும் கூட்டத்தோடு சேர்ந்து வாங்குங்கள். நாள் முடிவில் கைக்கு வரும் பணத்தில் கொஞ்சம் தனியாக வைத்து, லோடு வருகிற நாளில் மாவேலிக்குக் கொண்டுபோவதுதான் கஷ்டம். அதைப் பழகிவிட்டால் மற்றது தானாக வரும்.

மாடு வைத்துப் பால் ஊற்றுகிற வீடுகள் எங்கள் பக்கத்து சித்தூர் தாலுகாவில் நிறைய. அவர்களுக்குச் சொசைட்டிப் பணம் மொத்தமாக வருவது வசதி. பணம் வருகிற நாளையும் மாவேலி போகிற நாளையும் ஒன்றாக வைத்துக்கொண்டால் தெருமுனை நோட்டே தேவைப்படாது. மாசச் சம்பளக்காரர்கள், முக்கியமாகப் பொள்ளாச்சிக்கோ கோயம்புத்தூருக்கோ தினமும் வேலைக்குப் போய் வருகிறவர்கள், பஸ் காசு தனியாகச் செலவாகாததால் பருப்பையும் அங்கேயே வாங்கலாம். ஆனால் மானிய ஒரு கிலோவை முதலில் எடுத்துவிட்டுத்தான்.

வயதானவர்கள் இரண்டு பேர் மட்டும் இருக்கும் வீட்டுக்கு எந்தச் சாமானையும் மொத்தமாக வாங்குவது சரிப்படாது. வண்டு பிடித்துக் கொட்டுவதுதான் மிஞ்சும். கார்டு அரிசி, மாவேலியில் கிடைக்கிற அளவு, அதற்கு மேல் தெருமுனைக் கடையில் கால் கிலோ, அரைக் கிலோவாக. விலை கொஞ்சம் கூடினாலும் வீணாவது இல்லை. ஓணத்துக்கு முன்னால் சப்ளைகோவும் கூட்டுறவு அமைப்பான கன்ஸ்யூமர்ஃபெடும் ஓணச்சந்தை போடும்போது மட்டும், பக்கத்து வீட்டுப் பிள்ளைகளிடம் கார்டைக் கொடுத்து எண்ணெயும் பயறும் வாங்கிவரச் சொல்லலாம்.